நாகர்கோவிலில் இருந்து கிளவுட் சான்றிதழ்: நேராக புரொபஷனலா, அசோசியேட்டில் தொடங்கலாமா?

தோவாளை_பையன்

எல்லாருக்கும் வணக்கம். பிஇ முடித்துவிட்டு நாகர்கோவிலில் ஒரு சின்ன கம்பெனியில் சர்வர் சப்போர்ட் பார்க்கிறேன். லினக்ஸ் கைவசம் உண்டு, நெட்வொர்க்கில் ஐபி, சப்நெட் வரைக்கும் புரியும். கிளவுடில் வேலை பார்த்ததில்லை. திருவனந்தபுரத்தில் இருக்கும் டெக்னோபார்க் ஐடி வளாகம் பக்கம் போக ஆசை.

இங்கே ஒரு பயிற்சி மையத்தில் விசாரித்தேன். "அசோசியேட்டுக்கு இப்போது மதிப்பு இல்லை, நேராக ஏடபிள்யூஎஸ் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் புரொபஷனல் எழுது, கேள்விகளை நாங்களே தருகிறோம், பாஸ் உறுதி" என்கிறார்கள். (ஏடபிள்யூஎஸ் என்பது அமேசானின் கிளவுட். அசோசியேட் நடுநிலைத் தேர்வு, புரொபஷனல் அதற்கு மேல்நிலை.) அவர்கள் கேட்கும் தொகையைச் சொன்னதும் அப்பா பேச்சையே நிறுத்திவிட்டார். இது சரிப்பட்டு வருமா? இல்லை மைக்ரோசாஃப்டின் அஷூர் பக்கம் போவது நல்லதா? வீட்டிலிருந்தே எழுதலாம் என்கிறார்களே, அதையும் சொல்லுங்கள்.

வேளிமலை_நிழல்

தம்பி, அந்த மையத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு கணக்கைப் பார்.

புரொபஷனல் தேர்வுக்கு 300 டாலர், அசோசியேட்டுக்கு 150 டாலர். வரி தனி. ஒரு தேர்வில் தேறினால் அடுத்த தேர்வுக்குப் பாதிக் கட்டணத் தள்ளுபடி உன் சான்றிதழ் கணக்கிலேயே வந்துவிடும். அதாவது அசோசியேட்டுக்கு 150 கட்டித் தேறினால் புரொபஷனலுக்கு 150 கட்டினால் போதும். கூட்டினால் அதே 300தான். அசோசியேட்டைத் தாண்டிப் போவதால் உனக்கு ஒரு பைசா மிச்சமில்லை. தோற்றால் போகும் பணம் மட்டும் இரட்டிப்பு, ஏனென்றால் மறுபடி எழுத முழுக் கட்டணமும் கட்ட வேண்டும், 14 நாள் காத்திருக்கவும் வேண்டும்.

அசோசியேட் முடித்தால்தான் புரொபஷனல் எழுதலாம் என்ற கட்டாயம் 2018இலேயே போய்விட்டது, அது உண்மை. ஆனால் கட்டாயம் இல்லை என்பதற்காக நேராகப் போக வேண்டுமா? புரொபஷனலில் 180 நிமிடத்தில் 75 கேள்வி. ஒவ்வொரு கேள்வியும் ஒரு பத்தி, ஒவ்வொரு விடையும் அரைப் பத்தி. விஷயமும் வேறு மாதிரி. ஒரு நிறுவனத்திடம் ஐம்பது கணக்குகள் இருக்கின்றன, அவற்றை ஆர்கனைசேஷன்ஸ் என்ற சேவையில் ஒரே குடையின் கீழ் எப்படிக் கட்டுவது, எஸ்சிபி என்ற கட்டுப்பாட்டு விதியை எங்கே போடுவது, பழைய டேட்டா சென்டரை எப்படிப் படிப்படியாக மாற்றுவது என்று கேட்பான். எஸ்சிபி அனுமதி கொடுக்காது, இருக்கும் அனுமதிக்கு எல்லை மட்டும்தான் போடும், தலைமைக் கணக்கான மேனேஜ்மென்ட் கணக்கின் மேல் செல்லவே செல்லாது. இதை மனப்பாடம் செய்யலாம். ஆனால் ஒரு கணக்கைக்கூட ஓட்டிப் பார்க்காதவனுக்கு அந்தக் கேள்வி எதற்குக் கேட்கப்படுகிறது என்றே பிடிபடாது. அந்தத் தேர்வுக்கு இரண்டு வருட அனுபவம் இருந்தால் நல்லது என்று ஏடபிள்யூஎஸ்காரனே சொல்கிறான்.

இப்போதைக்கு உனக்கு எஸ்ஏஏ-சி03, அதாவது சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட். 65 கேள்வி, 130 நிமிடம், 1000க்கு 720 எடுத்தால் தேர்ச்சி. 65இல் 15 கேள்விக்கு மதிப்பெண் கிடையாது, எவை என்று உனக்குத் தெரியவும் தெரியாது. அதனால் கண்டிராத ஒன்று வந்தால் பதறாமல் ஒரு விடையைப் போட்டுவிட்டு நகர். தப்பான விடைக்குக் கழிவு இல்லை, ஒன்றையும் காலியாக விடாதே.

பேச்சிப்பாறை_தண்ணி

நிழல் அண்ணே சொல்வதெல்லாம் சரி. ஆனால் கொஞ்சம் நடைமுறையும் பேசுவோம். டம்ப் (தேர்வில் வந்த கேள்விகளை விடையோடு வெளியே எடுத்துத் தொகுத்தது) படித்துப் பாஸ் ஆகி, இன்று நல்ல சம்பளத்தில் இருக்கிறவர்கள் எனக்கே தெரியும். எச்ஆர் வடிகட்டும்போது சான்றிதழ் இருக்கிறதா இல்லையா என்றுதான் பார்க்கிறார்கள். முதல் கதவு திறந்தால்தானே உள்ளே போய்த் திறமையைக் காட்ட முடியும்?

வேளிமலை_நிழல்

முதல் கதவு எச்ஆருடையது. இரண்டாவது கதவில் என்னைப் போன்ற ஆட்கள் உட்கார்ந்திருக்கிறோம். நேர்முகத்தில் நான் கஷ்டமான கேள்வி எதுவும் கேட்பதில்லை. "பிரைவேட் சப்நெட்டில் இருக்கும் சர்வரில் அப்டேட் இறங்கவில்லை. எங்கெங்கே பார்ப்பாய்?" அவ்வளவுதான். பிரைவேட் சப்நெட் என்றால் இணையத்தோடு நேராகச் சேராத பகுதி. செய்து பார்த்தவன் ரூட் டேபிள் (பாதை அட்டவணை), நாட் கேட்வே (வெளியே போகும் வாசல்), செக்யூரிட்டி குரூப் (சர்வரின் காவல்), என்ஏசிஎல் (சப்நெட்டின் காவல்) என்று தானாகவே வரிசையாக வருவான். செக்யூரிட்டி குரூப்பில் போகிற வழி திறந்திருந்தால் பதில் தானாகத் திரும்பி வரும், என்ஏசிஎல்லில் வருகிற வழியையும் தனியாகத் திறக்க வேண்டும் என்பதை அவனுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. டம்ப் படித்தவன் "நாட் கேட்வே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பான்.

அப்புறம், தேர்வுக்கு உட்காரும்போது கேள்விகளை வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒப்பந்தத்துக்குச் சம்மதம் கொடுத்துத்தான் உட்காருகிறோம். திருட்டுக் கேள்வி பிடிபட்டால் சான்றிதழையே ரத்து செய்யும் உரிமை அவர்களுக்கு உண்டு.

பேச்சிப்பாறை_தண்ணி

எல்லா இடத்திலும் உங்களைப் போல ஆள் உட்கார்ந்திருப்பதில்லை அண்ணே. நான் இத்துடன் விடுகிறேன்.

நெறியாளர்

டம்ப் தளங்களின் இணைப்பு போட்டிருந்த இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. விவாதிக்கலாம், இணைப்பு வேண்டாம்.

முப்பந்தல்_காற்று

பயிற்சிக் கேள்விக்கும் டம்ப்புக்கும் வித்தியாசம் தெரியாமல் நிறையப் பேர் குழம்புகிறார்கள். சொந்தமாக எழுதி, ஒவ்வொரு விடையும் ஏன் சரி, மற்ற மூன்றும் ஏன் தப்பு என்று விளக்கம் போட்டிருந்தால் அது பயிற்சி. விளக்கமே இல்லாமல் "இ" என்று மட்டும் இருந்தால் ஓடிவிடு. ஏடபிள்யூஎஸ் ஸ்கில் பில்டர் தளத்தில் அதிகாரபூர்வ மாதிரிக் கேள்விகள் இலவசமாகவே கிடைக்கின்றன, முதலில் அங்கே போ.

தம்பி தோவாளை என்பதால் நானே ஒரு கேள்வி கட்டித் தருகிறேன். தேர்வில் வந்ததில்லை, என் கற்பனை.

பூச்சந்தை மொத்த வியாபாரிகளுக்கு ஆர்டர் எடுக்கும் செயலி. ஒரே ஒரு ஈசி2 (வாடகை) சர்வர், பின்னால் ஆர்டிஎஸ் தரவுத்தளம். விடியற்காலையில் ஆர்டர் குவியும், ஓணம் வாரத்தில் பல மடங்காகும். ஓர் ஆர்டரைச் செயலாக்க ஏறக்குறைய 2 நிமிடம். ஆர்டர் ஒன்றுகூடத் தொலையக் கூடாது. சில நிமிடத் தாமதம் பரவாயில்லை. செலவு மிகக் குறைவாக இருக்க வேண்டும். என்ன செய்வாய்?

அ) இன்னும் பெரிய ஈசி2 சர்வருக்கு மாறுவது.
ஆ) ஆர்டிஎஸ்ஸை மல்டி-ஏஇசட் ஆக்குவது.
இ) ஆர்டிஎஸ்ஸுக்கு ரீட் ரெப்ளிகா சேர்ப்பது.
ஈ) ஆர்டர்களை எஸ்கியூஎஸ் என்ற செய்தி வரிசையில் போட்டு, வரிசையின் நீளத்தைப் பார்த்துக் கூடிக் குறையும் மலிவான ஸ்பாட் சர்வர்களால் செயலாக்குவது.

தோவாளை_பையன்

எங்கள் சந்தையையே எடுத்துவிட்டீர்களே அண்ணே! "தொலையக் கூடாது" என்று இருப்பதால் ஆ. ஸ்பாட் சர்வரை எப்போது வேண்டுமானாலும் பிடுங்கிக்கொள்வார்கள் என்று படித்தேன், அதனால் ஈ கூடாது.

முப்பந்தல்_காற்று

நல்லது, பெரும்பாலானவர்கள் விழும் இடத்துக்கே வந்துவிட்டாய். மல்டி-ஏஇசட் என்பது தரவுத்தளத்துக்கு இன்னொரு மண்டலத்தில் உடனுக்குடன் எழுதப்படும் ஒரு காத்திருப்புப் பிரதி. தரவுத்தளம் விழுந்தால் காப்பாற்றும். இங்கே ஆர்டர் தொலைவது தரவுத்தளத்துக்குப் போகும் முன்பே. சர்வர் திணறும்போது வருகிற ஆர்டருக்கு உட்கார இடமில்லை, அதுதான் நோய். ரீட் ரெப்ளிகா வாசிக்கும் சுமையைப் பிரிக்கும், இங்கே யாரும் வாசிக்கத் தவிக்கவில்லை. பெரிய சர்வர் வாங்கினால் ஓணம் முடிந்து வருடம் முழுக்க அதற்கு வாடகை.

ஸ்பாட்டைப் பிடுங்குவார்கள், சரி. 2 நிமிட முன்னறிவிப்போடு பிடுங்குவார்கள். ஆனால் ஆர்டர் சர்வரில் இல்லையே, வரிசையில்தானே இருக்கிறது? ஒரு சர்வர் ஆர்டரை எடுத்துவிட்டு வேலை முடிக்காமல் செத்தால், விசிபிலிட்டி டைம்அவுட் (எடுத்த ஆர்டர் மற்ற சர்வர்களுக்குத் தெரியாமல் மறைந்திருக்கும் நேரம்) தீர்ந்ததும் அதே ஆர்டர் மறுபடி வரிசையில் தெரியும், இன்னொரு சர்வர் எடுத்துக்கொள்ளும். தாமதம் பரவாயில்லை என்று கேள்வியே அனுமதி கொடுத்துவிட்டது. விடை ஈ.

இனிமேல்தான் படிப்பே. விசிபிலிட்டி டைம்அவுட் இயல்பாக 30 விநாடி. நம் வேலைக்கு 2 நிமிடம். மாற்றாமல் விட்டால் முதல் சர்வர் பாதி வேலையில் இருக்கும்போதே இரண்டாவது சர்வர் அதே ஆர்டரை எடுத்துவிடும், ஒரே மல்லிகைக்கு இரண்டு பில். அதிகபட்சம் 12 மணி நேரம் வரை நீட்டலாம். ஒரு வியாபாரி முதலில் ஆர்டர் போட்டு அப்புறம் ரத்து செய்கிறார், இரண்டும் அதே வரிசையில் செயலாக வேண்டும் என்று கேள்வியில் ஒரு வாக்கியம் சேர்த்தால்? சாதாரண வரிசை உத்தரவாதம் தராது, வந்த வரிசையிலேயே தரும் ஃபிஃபோ வேண்டும், வியாபாரி எண்ணை மெசேஜ் குரூப் ஐடியாக (எந்த ஆர்டர்கள் ஒரே குழு என்று காட்டும் அடையாளமாக) வைக்க வேண்டும். ஓணம் எப்போது என்று முன்கூட்டியே தெரியுமே என்று கேட்டால் குறித்த நேரத்தில் சர்வர்களைக் கூட்டும் ஷெட்யூல்டு ஸ்கேலிங் உள்ளே வரும்.

ஒரே கேள்வியை இப்படி நாலு விதமாகத் திருப்பிப் போடு. நூறு கேள்வியை மேலோட்டமாகப் பார்ப்பதைவிட இதில்தான் பலன் அதிகம் என்பது என் கட்சி.

குழித்துறை_பாசஞ்சர்

இதைப் படித்துவிட்டு நான் இறங்க வேண்டிய கழக்கூட்டத்தைத் தவற விடப் பார்த்தேன். 😀

தம்பிக்கு ஒரு வழி சொல்கிறேன். புரொபஷனலில் நீளமான கேள்வி வந்தால் கடைசி வரியை முதலில் படி. "செலவு குறைவாக", "நிர்வாக வேலை குறைவாக", "தடங்கல் இல்லாமல்" என்று எதைக் கேட்கிறான் என்று அங்கேதான் இருக்கும். அப்புறம் நாலு விடையையும் அடுத்தடுத்து வைத்து, அவை எங்கே ஒன்றுக்கொன்று மாறுகின்றன என்று மட்டும் பார். பெரும்பாலும் ஒன்றிரண்டு இடத்தில்தான் மாறும். அதற்குப் பிறகு பத்தியைப் படித்தால் தேவையில்லாத விவரம் தானாக உதிர்ந்துவிடும். நான் ரயிலில் படித்தே இரண்டாவது சான்றிதழ் வாங்கினேன். பாறசாலை தாண்டினால் உட்கார இடம் கிடைக்காது, நின்றுகொண்டே போனில் ஒரு கேள்வி, ஒரு விளக்கம்.

தோவாளை_பையன்

பயிற்சிக்கு சொந்தமாகக் கணக்கு திறக்கலாமா? கார்டில் பணம் போய்விடும் என்று பயமாக இருக்கிறது. வீடியோவில் 12 மாதம் இலவசம் என்கிறார்கள்.

வேளிமலை_நிழல்

அது பழைய வீடியோ. 2025 ஜூலை நடுவில் மாற்றிவிட்டார்கள். புதிதாகத் திறப்பவர்களுக்கு 200 டாலர் வரை கிரெடிட், அதில் 100 திறந்ததும், மீதி சில பயிற்சி வேலைகளைச் செய்தால். ஃப்ரீ பிளானைத் தேர்ந்தெடுத்தால் 6 மாதம் அல்லது கிரெடிட் தீரும் வரை, எது முந்துகிறதோ அதுவரை. நீயாகப் பெய்டு பிளானுக்கு மாறாத வரை பில் வராது. உன் தேவைக்கு அது தாராளம்.

கணக்கு திறந்த அன்றே ரூட் எனும் முதன்மை உள்நுழைவுக்கு எம்எஃப்ஏ (இரண்டடுக்குச் சரிபார்ப்பு) போடு, செலவைக் கண்காணிக்கும் பட்ஜெட்ஸில் ஒரு எச்சரிக்கை வை. மற்றதெல்லாம் பிறகு. கிரெடிட்டைச் சத்தமில்லாமல் தின்னும் ஆட்கள் சிலர் உண்டு. நாட் கேட்வே சும்மா நின்றாலும் மணிக்கணக்கில் காசு. பப்ளிக் ஐபிவி4 முகவரிக்கு 2024 பிப்ரவரியில் இருந்து மணிக்கு 0.005 டாலர், மாதம் ஏறக்குறைய மூன்றரை டாலர், பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும். ஆர்டிஎஸ்ஸை நிறுத்தி வைத்துவிட்டேன் என்று நிம்மதியாக இருந்தால் 7 நாளில் அது தானாக எழுந்துவிடும். பயிற்சி முடிந்தால் நிறுத்தாதே, அழித்துவிடு.

முதல் பயிற்சியாக ஒரு விபிசி (கிளவுடில் உனக்கே உரிய தனி நெட்வொர்க்) கட்டு. /28இல் ஒரு சப்நெட் போட்டு எத்தனை முகவரி கிடைக்கிறது என்று பார். 16இல் 5 அவர்கள் எடுத்துக்கொள்வார்கள், 11தான் மிஞ்சும். பிரைவேட் சப்நெட்டில் இருந்து எஸ்3 என்ற கோப்புக் கிடங்குக்குப் போக நாட் கேட்வே வைத்துப் பார், பிறகு அதைக் கழற்றிவிட்டு, அங்கே நேர் வழி தரும் கேட்வே எண்ட்பாயிண்ட் வை. இரண்டாவதற்குக் கட்டணமே இல்லை. "செலவு குறைவாக" என்ற சொல்லைப் பார்த்ததும் உன் கை தானாக எங்கே போக வேண்டும் என்பது அப்போது தெரியும். எல்லாவற்றையும் வேண்டுமென்றே உடைத்து, ஏன் வேலை செய்யவில்லை என்று தேடு. நான் நேர்முகத்தில் கேட்பதும் அதுதான்.

திங்கள்சந்தை_அக்கா

எல்லாரும் ஏடபிள்யூஎஸ்ஸிலேயே நிற்கிறீர்கள். நான் குழந்தை பிறந்த பிறகு இடைவெளி விட்டு அஷூர் வழியாகத் திரும்பி வந்தவள். தம்பி, எந்தக் கிளவுட் என்பதை யூடியூப் சொல்லக் கூடாது, நீ விண்ணப்பிக்கப் போகும் கம்பெனிகளின் வேலை அறிவிப்புகள் சொல்ல வேண்டும். விண்டோஸ் சர்வர், ஆக்டிவ் டைரக்டரி வைத்திருக்கும் இடங்கள் பெரும்பாலும் அஷூர் பக்கம் சாய்கின்றன. உன் சப்போர்ட் வேலை அந்த வகை என்றால் அஷூரின் நிர்வாகித் தேர்வான ஏஇசட்-104 உனக்கு எளிதாக ஒட்டும்.

அங்கே விதிகள் கொஞ்சம் வேறு. 1000க்கு 700. தேர்வு நடக்கும்போதே மைக்ரோசாஃப்ட் லேர்ன் பக்கங்களைத் திறந்து பார்க்கலாம், 2023இல் இருந்து அனுமதி. ஏஇசட்-900 போன்ற அடிப்படைத் தேர்வுகளில் கிடையாது. புத்தகம் திறந்த தேர்வு என்று மகிழ்ந்துவிடாதே, கடிகாரம் நிற்காது. எங்கே தேடுவது என்று ஏற்கனவே தெரிந்தவர்களுக்குத்தான் அது உதவும். சான்றிதழ் ஒரு வருடம்தான், ஆனால் முடிவதற்கு 6 மாதம் முன்பிருந்தே வீட்டில் இருந்தபடி இலவசமாகப் புதுப்பிக்கலாம். ஏடபிள்யூஎஸ்ஸில் 3 வருடம், ஆனால் புதுப்பிக்கப் பெரும்பாலும் மறுபடி தேர்வு. தோற்றால் அஷூரில் முதல் முறை 24 மணி நேரத்திலேயே மறுபடி எழுதலாம், அடுத்த முறையில் இருந்து 14 நாள்.

குழித்துறை_பாசஞ்சர்

கூகுளையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். புரொபஷனல் கிளவுட் ஆர்க்கிடெக்ட் 200 டாலர், 2 மணி நேரம், 2 வருடம் செல்லும். கேஸ் ஸ்டடி எனப்படும் கற்பனை நிறுவனக் கதைகளை முன்கூட்டியே தளத்தில் போட்டுவிடுகிறார்கள், தேர்வில் அவற்றை வைத்துக் கேள்வி வரும். படிக்காமல் போவது நமக்கே நாம் செய்யும் துரோகம். மற்றபடி தம்பிக்கு இப்போது அது வேண்டாம்.

தோவாளை_பையன்

எங்கள் கம்பெனியில் லினக்ஸ்தான். அதனால் ஏடபிள்யூஎஸ் அசோசியேட் என்று முடிவு செய்துவிட்டேன். மையத்துக்குப் போகவில்லை, அப்பா இப்போது பேசுகிறார். வீட்டிலிருந்து எழுதலாமா?

திங்கள்சந்தை_அக்கா

என்னைக் கேட்டால் வேண்டாம். நம் மாவட்டத்தில் ஒரு பக்கம் அம்மன் கோயில் கொடை, மறுபக்கம் பங்குத் திருவிழா. எந்த நாளில் எந்த முக்கில் குழாய் ஒலிபெருக்கி கட்டுவார்கள் என்று யாருக்குத் தெரியும்? அது போக ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை, இரண்டிலும் கரண்ட் போகும். இன்வெர்ட்டர் இருந்தாலும் மோடம் அதில் இணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

வீட்டில் எழுதினால் அறையின் நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும், ஒரே மானிட்டர், மேசையில் ஒன்றும் இருக்கக் கூடாது, தாளும் பேனாவும் கிடையாது, திரையிலேயே ஒரு வெள்ளைப் பலகை தருவார்கள். கேள்வியை முணுமுணுத்துப் படித்தால்கூட எச்சரிக்கை வரும். தேர்வு முடியும் வரை யாரும் அறைக்குள் வரக் கூடாது. மக்கா சாப்பிட வா என்று அம்மா கதவைத் திறந்தால் முடிந்தது கதை. கம்பெனி லேப்டாப்பில் முயற்சி செய்யாதே, விபிஎன்னும் ஃபயர்வாலும் தேர்வு மென்பொருளைத் தடுத்துவிடும்.

வேளிமலை_நிழல்

நானும் திருவனந்தபுரத்தில் மையத்துக்குப் போய்த்தான் எழுதினேன். ஏசி அறை, அமைதி, கையில் அழிக்கும் பலகை. ஒரு விஷயம் மட்டும்: கேரளத்தில் ஹர்த்தால் என்றால் களியக்காவிளையோடு பஸ் நின்றுவிடும். முந்தின நாள் செய்தி பார். ரயில் நம்பிக்கையானது.

பதிவு செய்யும்போது பெயரைக் கவனி. நம்மவர்களுக்கு இனிஷியல்தான் வில்லன். ஒரு அட்டையில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால். தேர்வுக் கணக்கில் இருக்கும் பெயரும் நீ கொண்டுபோகும் அட்டையில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட் இருந்தால் அதில் உள்ளபடியே கணக்கில் போட்டுவிடு.

தோவாளை_பையன்

பெயர் பார்த்துவிட்டேன், பாஸ்போர்ட்டில் உள்ளபடிதான் இருக்கிறது. அவசரத்தில் தேதியும் பதிவு செய்துவிட்டேன், அடுத்த மாதம். இப்போது ஒரு நண்பன், ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்களுக்கு 30 நிமிடம் கூடுதலாகத் தருவார்கள் என்கிறான். உண்மையா? எனக்கு ஆங்கிலம் படிக்க நேரம் எடுக்கும்.

முப்பந்தல்_காற்று

உண்மைதான், இஎஸ்எல் பிளஸ் 30 என்று பெயர். ஒருமுறை வாங்கினால் அடுத்து எழுதும் ஏடபிள்யூஎஸ் தேர்வுகளுக்கும் சேர்ந்தே வரும். ஆனால் பதிவு செய்வதற்கு முன்னால் கேட்டு வாங்க வேண்டும், ஏற்கனவே பதிந்த தேதியில் அது ஒட்டாது. சான்றிதழ் கணக்குக்குள் போய் எக்ஸாம் அகாமடேஷன்ஸ் என்ற இடத்தில் விண்ணப்பி. கிடைத்ததும் இப்போதைய பதிவை ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் பதி. தேர்வுக்கு 24 மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்தால் பணம் திரும்பிவிடும். புதிய பதிவில் நேரம் 160 நிமிடம் என்று காட்டுகிறதா என்று பார்த்துவிட்டே பணம் கட்டு.

தோவாளை_பையன்

விண்ணப்பித்துவிட்டேன் அண்ணே. அந்தப் பூச்சந்தைக் கேள்வியில் ஃபிஃபோ வரிசை போட்டால் ஸ்பாட் இன்னும் பொருந்துமா? ஒரு ஆர்டர் பாதியில் நின்றால் அதே வியாபாரியின் அடுத்த ஆர்டர் என்ன ஆகும்?

முப்பந்தல்_காற்று

அதே குரூப்பில் இருக்கும் அடுத்த ஆர்டர் காத்திருக்கும், மற்ற வியாபாரிகளின் ஆர்டர்கள் ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்பாட் பொருந்தும். டைம்அவுட்டை எவ்வளவு வைப்பாய் என்று யோசித்து எழுது, நாளைக்குப் பார்க்கிறேன்.